அண்ணாபாவ் சாட்டே நமக்கும் பாடினார்

ஆகஸ்டு முதல் தேதி காலையில் மும்பையின் தொழிலாளர் குடியிருப்புகள் வழியே நடப்பவர் எவரும் அந்தப் படத்தைப் பார்க்காமல் போக முடியாது. தெருமுனையில் ஒரு மேஜை. மேஜைமேல் மாலை சூட்டிய படம். பக்கத்தில் ஒலிபெருக்கி. மாலையில் ஊர்வலம். "இவர் யாரப்பா?" என்று நம் பிள்ளைகள் கேட்கிறார்கள். "மராட்டிக்காரங்க தலைவர் யாரோ" என்று பதில் சொல்லிவிட்டு நாம் ரயிலைப் பிடிக்க ஓடுகிறோம்.

அந்தப் பதில் தவறு. தவறு மட்டுமல்ல, நமக்கே நட்டம் விளைவிக்கும் பதில். அந்தப் படத்தில் இருப்பவர் அண்ணாபாவ் சாட்டே. மேடைத் தலைவர் அல்லர், பாட்டுக்காரர். பிழைப்புக்காகப் பம்பாய் வந்தவர், குடிசையில் வாழ்ந்தவர், குடிசைக்காரர்களுக்காகப் பாடியவர். அவர் கதையைக் கேட்டால் அது பாதி நம் வீட்டுக் கதை.

நடந்தே வந்த குடும்பம்

துக்காராம் பாவ்ராவ் சாட்டே என்பது இயற்பெயர். 1920ஆம் ஆண்டு ஆகஸ்டு 1ஆம் தேதி வாட்டேகாவ் என்ற சிற்றூரில் பிறந்தார். அன்று அது சாத்தாரா மாவட்டம். இன்று சாங்லி மாவட்டம். பிறந்த சாதி மாங்கு. கயிறு திரிப்பதும், ஹல்கி என்ற தோற்கருவியை அடிப்பதும், தமாஷா கூத்தில் ஆடுவதும் பாடுவதும் ஊர் அவர்களுக்கு ஒதுக்கிய தொழில்கள். ஹல்கி நம்முடைய பறைக்குத் தங்கை. அதன் சத்தம் திருவிழாவுக்கு வேண்டும். அதை அடிக்கும் கை மட்டும் ஊருக்கு வெளியே நிற்க வேண்டும். இந்த நியாயம் நமக்குப் புதிதல்ல.

வெள்ளைக்காரன் இன்னொரு சுமையையும் ஏற்றினான். குற்றப் பரம்பரைச் சட்டம்! மாங்குகள் பிறப்பிலேயே குற்றவாளிகள் என்று எழுதி வைத்தான். ஆண்கள் அதிகாரியிடம் போய் ஆஜர் கொடுக்க வேண்டும். மதுரைச் சீமையிலும் இதே சட்டம்தான் மக்களை வாட்டியது. பெருங்காமநல்லூரில் கைரேகை வைக்க மறுத்தவர்கள்மீது போலீஸ் சுட்டது 1920 ஏப்ரலில். அண்ணாபாவ் பிறந்தது அதே ஆண்டு ஆகஸ்டில். இரண்டு ஊருக்கும் இடையே எத்தனையோ நூறு மைல். ஆனால் சட்டம் ஒன்று, துப்பாக்கி ஒன்று.

பள்ளிக்கூடத்தை அவர் பார்த்தது ஒன்றிரண்டு நாள்தான். 1930களின் தொடக்கத்தில் ஊரில் பஞ்சம். கையில் ரயில் கட்டணம் இல்லை. குடும்பம் பம்பாய்க்கு நடந்தே புறப்பட்டது. வழியில் கிடைத்த கூலி வேலையைச் செய்து, கிடைத்ததைத் தின்று, பல மாதம் நடந்து நகரத்தைச் சேர்ந்தார்கள். திருநெல்வேலியிலிருந்தும் சேலத்திலிருந்தும் டிக்கெட் எடுத்தும் எடுக்காமலும் வந்து இறங்கிய நம் பாட்டன்மார் இந்த நடையை அறிவார்கள். வழி வேறு, பசி ஒன்று.

பம்பாயில் அவர் மூட்டை சுமந்தார். தெருவில் கூவி விற்றார். மில்லில் வேலை செய்தார். கடைப் பலகைகளையும் சினிமாச் சுவரொட்டிகளையும் எழுத்துக் கூட்டிப் படித்தே எழுத்தறிவு பெற்றார். அப்படிப் படித்தவர்தான் பிறகு முப்பதுக்கும் மேற்பட்ட நாவல்களை எழுதினார் என்றால், பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்ட நம் பிள்ளைகள் தலைகுனிய வேண்டியதில்லை.

கொசுவைப் பாடிய கவிஞன்

அவர் வாழ்ந்த இடங்களில் ஒன்று மாட்டுங்கா லேபர் கேம்ப். நம் வாசகர்களுக்கு அந்த இடத்தை விளக்க வேண்டியதில்லை. தாராவியை ஒட்டி இருக்கும் அதே லேபர் கேம்ப்தான். அங்கேதான் அவருக்குக் கம்யூனிஸ்டுகளின் பழக்கம் ஏற்பட்டது. அங்கே அவர் முதலில் கட்டிய பாட்டுகளில் ஒன்று எதைப் பற்றியது தெரியுமா? கொசுவைப் பற்றியது!

சிரிப்பு வருகிறது. ஆனால் யோசித்துப் பாருங்கள். மராட்டியில் போவாடா என்பது வீரகாவியப் பாட்டு. சிவாஜி மகாராஜாவின் வீரத்தைத் தப்படித்து உச்சக் குரலில் பாடுவதற்கென்றே ஏற்பட்டது. அந்த வடிவத்தை எடுத்து, லேபர் கேம்பைப் படையெடுத்து வரும் கொசுக் கூட்டத்தைப் பாடினார் அண்ணாபாவ். கேட்டவன் சிரித்தான். சிரித்துவிட்டு, ஏன் நம் சாக்கடை மட்டும் தேங்கி நிற்கிறது என்று கேட்டான். ஒரு பாட்டு செய்யக்கூடிய வேலையில் இதைவிடப் பெரியது எது?

பிறகு 1943இல் ஸ்டாலின்கிராடு போரைப் போவாடாவாகக் கட்டினார். வோல்கா நதிக்கரையில் நடந்த சண்டை பரேல் மில் வாசலில் நிற்பவனின் சண்டையாயிற்று. 1944இல் அமர் ஷேக், கவாண்கர் என்ற இரு பாட்டுக்காரர்களோடு சேர்ந்து லால் பாவ்ட்டா கலாபதக் தொடங்கினார். லால் பாவ்ட்டா என்றால் செங்கொடி. சாட்டே மாங்கு, அமர் ஷேக் முஸ்லிம். ஒரே மேடை, ஒரே தப்பு, ஒரே குரல். மதத்தின் பேரால் நாடு துண்டாடப்படவிருந்த காலத்தில் இது சின்ன விஷயமா?

தமாஷாவை அவர்கள் மாற்றியமைத்த விதத்தை நம் கூத்துக் கலைஞர்கள் கவனிக்க வேண்டும். வழக்கமான தமாஷா பிள்ளையார் துதியோடு தொடங்கும். அடுத்து கண்ணனும் கோபியரும் வரும் கவளண். அதன்பின்தான் கதை. அண்ணாபாவ் பிள்ளையார் துதி இருந்த இடத்தில் மண்ணுக்கும் உழைப்பாளிக்கும் போராட்டத்தில் மாண்டவர்களுக்கும் வணக்கம் வைத்தார். கோபியரை வம்புக்கிழுக்கும் பகுதியை நீக்கினார். கதையில் வட்டிக்காரனும் பதுக்கல்காரனும் தேர்தலில் நிற்கும் சேட்டும் வந்து நின்றார்கள். பாட்டும் நக்கலும் தாளமும் அப்படியே இருந்தன. மக்களுக்குப் பழகிய பாத்திரம். உள்ளே புதிய சோறு.

அதிகாரத்திலிருந்தவர்களுக்கு இது பிடிக்குமா? சுதந்திரத்திற்குப் பிறகு பம்பாய் அரசாங்கம் அந்தக் குழுவின் நிகழ்ச்சிகளுக்குத் தடை போட்டது. தமாஷா என்றால் தானே தடை, இது 'லோக்நாட்யம்' என்று பேரை மாற்றிக்கொண்டு மறுபடி மேடை ஏறினார்கள். 'லோக்ஷாஹிர்', அதாவது மக்கள் பாவலர், என்று மராட்டிய மக்கள் அவரை அழைப்பது இதற்காகத்தான். பட்டம் கொடுத்தது எந்தப் பல்கலைக்கழகமும் அல்ல.

நம் பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரத்தை இங்கே நினைக்காமல் இருக்க முடியாது. அவரும் செங்கொடி நிழலில் வளர்ந்த பாட்டுக்காரர்தான். அவரும் நாட்டுப்புற மெட்டைத் தொழிலாளியின் வாயில் வைத்தவர்தான். 1959இல் இருபத்தொன்பது வயதில் மறைந்தார். இந்த இரண்டு பேரும் ஒரே காலத்தில், இரண்டு மொழியில், ஒரே வேலையைச் செய்துகொண்டிருந்தார்கள்.

ஊரில் விட்டு வந்த மைனா

அவருடைய பாட்டுகளில் பெரும் புகழ் பெற்றது, மைனாவை ஊரிலேயே விட்டுவிட்டு வந்தவனின் பாட்டு. மைனா என்பது இங்கே பறவையல்ல, மனைவி. கூலிக்காகப் பம்பாய் வந்தவன் அவளை நினைத்து உருகுகிறான். அவள் அழகைச் சொல்கிறான், புறப்பட்ட நாளில் அவள் நின்ற நிலையைச் சொல்கிறான், நகரத்தில் தான் படும் பாட்டைச் சொல்கிறான்.

இந்தப் பாட்டுக்கு மொழிபெயர்ப்பு வேண்டுமா நமக்கு? மணியார்டரில் பணமும் கடிதத்தில் மனமும் அனுப்பிய தலைமுறை நம்முடையது. எட்டுப் பேர் முறை வைத்துத் தூங்கிய கோளியில், ஊரிலிருந்து வந்த கடிதத்தைப் படிக்கத் தெரிந்தவனிடம் கொடுத்து, சுற்றியிருப்பவர்கள் கேட்காதபடி மெல்லப் படிக்கச் சொன்னவர்கள் நாம். குழந்தை பிறந்த செய்தி தெரிந்து, அதன் முகம் பார்க்க ஒன்றரை வருடம் காத்திருந்தவர்கள் நாம். அண்ணாபாவ் மராட்டியில் பாடினார். பாடியது நம் நெஞ்சை.

ஆனால் அந்தப் பாட்டு அங்கே நிற்கவில்லை. பிரிந்த மைனாவின் துயரம் மெல்ல மெல்லப் பிரிந்த நாட்டின் துயரமாக மாறுகிறது. மராட்டி பேசும் பெல்காம் ஒருபக்கம், பம்பாய் ஒருபக்கம் என்று பிய்த்து வைத்திருக்கிறார்களே என்று கேட்கிறது. அது ஐக்கிய மகாராஷ்டிரப் போராட்டத்தின் பாட்டு. 1956இல் பம்பாயை மகாராஷ்டிரத்திடம் கொடுக்காமல் தில்லியின் நேரடி ஆட்சிக்குள் வைக்க முயன்றபோது மக்கள் தெருவுக்கு வந்தார்கள். போராட்டக் காலத்தில் போலீஸ் துப்பாக்கிக்கு நூற்றுக்கும் மேற்பட்டோர் பலியானார்கள். இன்று ஃபுளோரா ஃபவுன்டனில் நிற்கும் தியாகிகள் நினைவுச்சின்னம் அவர்களுக்காகத்தான். 1960 மே 1இல் மகாராஷ்டிரம் பிறந்தது. அந்தப் பிறப்புக்கு அண்ணாபாவும் அமர் ஷேக்கும் பாடிய பாட்டு தாலாட்டு.

நமக்கு உள்ள வருத்தம்

இங்கேதான் நம் வாசகர்கள் சிலர் முகம் சுளிப்பார்கள். "மராட்டியருக்கே பம்பாய் என்று பாடியவரை நாம் ஏன் கொண்டாட வேண்டும்? அந்த முழக்கம்தானே பிறகு நம் தலையில் விடிந்தது?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. மழுப்பாமல் பதில் சொல்வோம்.

1966 ஜூனில் சிவசேனை தொடங்கியது. தென்னிந்தியர்கள் வேலையைப் பறித்துக்கொண்டார்கள் என்பதே அதன் முதல் முழக்கம். நம் உடையைக் கேலி செய்தார்கள், பேச்சைக் கேலி செய்தார்கள். உடுப்பி ஓட்டல்கள் தாக்கப்பட்டன. 1969 பிப்ரவரியில் எல்லைப் பிரச்சினையை ஒட்டி நகரமே எரிந்தது. அந்த நாட்களில் கதவைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குள் பதுங்கியிருந்ததை நம் பெரியவர்கள் இன்னும் மறக்கவில்லை. மறக்கச் சொல்லவும் நமக்கு உரிமையில்லை.

ஆனால் இரண்டைப் பிரித்துப் பார்க்க வேண்டும். மொழிக்கு ஒரு மாநிலம் கேட்பது குற்றமா? குற்றமென்றால் நாமும் குற்றவாளிகளே. தமிழ்நாடு என்ற பெயருக்காக 1956இல் சங்கரலிங்கனார் உண்ணாவிரதமிருந்து உயிர் விட்டார். தேவிகுளம், பீருமேடு, திருத்தணி என்று எல்லைக்காக நாமும் போராடினோம். நாம் நமக்குக் கேட்டதைத்தான் மராட்டியர் தங்களுக்குக் கேட்டார்கள்.

அண்ணாபாவ் யாரை எதிர்த்துப் பாடினார் என்று பாருங்கள். பம்பாயைத் தங்கள் பணப்பெட்டி என்று நினைத்த முதலாளிகளையும், அவர்களுக்குத் துணை நின்ற ஆட்சியையும் எதிர்த்துப் பாடினார். பம்பாயைப் பற்றி அவர் கட்டிய லாவணியில் ஒருபக்கம் மலபார் ஹில் மாளிகைகள், மறுபக்கம் ஒண்ட இடமில்லாத ஏழைகள். நகரத்தை அவர் இரண்டாகப் பிரித்தது உண்மை. ஆனால் மொழியால் பிரிக்கவில்லை. உழைப்பவன் ஒருபக்கம், உழைப்பைத் தின்பவன் ஒருபக்கம். அந்தக் கணக்கில் சேலம்காரனும் சாத்தாராக்காரனும் ஒரே பக்கத்தில்தான் நிற்கிறார்கள்.

பின்னால் வந்தவர்கள் செய்தது என்ன? மராட்டியர் என்ற சொல்லை வைத்துக்கொண்டு எதிரியை மாற்றினார்கள். மாளிகையை நோக்கி நீண்ட விரலைப் பக்கத்துக் கோளியை நோக்கித் திருப்பினார்கள். அதனால் மராட்டித் தொழிலாளிக்கு என்ன லாபம்? 1970 ஜூனில் பரேலின் கம்யூனிஸ்டு சட்டமன்ற உறுப்பினர் கிருஷ்ணா தேசாய் கொலை செய்யப்பட்டார். அவரும் மராட்டியர்தான். அந்தத் தொகுதியின் இடைத்தேர்தலில் வென்று சிவசேனை முதன்முதலாகச் சட்டசபைக்குப் போனது. 1982 ஜனவரியில் இரண்டரை லட்சம் மில் தொழிலாளிகள் வேலைநிறுத்தம் செய்தார்கள். பெரும்பாலோர் மராட்டியர். அவர்கள் தோற்றார்கள். மில் நின்ற நிலத்தில் இன்று கடை வளாகங்களும் கண்ணாடிக் கோபுரங்களும் நிற்கின்றன. தென்னிந்தியனை விரட்டினால் விடியும் என்று சொன்னவர்களால் மில் தொழிலாளிக்கு ஒரு சங்கு ஊதும் சத்தத்தைக்கூடத் திருப்பித் தர முடியவில்லை.

இன்னொன்றையும் நாம் நேர்மையாகச் சொல்லிக்கொள்ள வேண்டும். இன்று உத்தரப் பிரதேசத்திலிருந்தும் பீகாரிலிருந்தும் வரும் தொழிலாளியைப் 'பையா' என்று இளக்காரமாகச் சொல்வோர் நமக்குள்ளும் இருக்கிறார்கள். தமிழ்நாட்டுக்குப் போனால் 'வடக்கன்' என்ற சொல் காதில் விழுகிறது. ஐம்பது அறுபது ஆண்டுகளுக்கு முன் பம்பாயில் நம்மைச் சொன்ன அதே சொல், நம் வாயில், நம் ஊரில்! அடிபட்டவன் அடியின் வலியை மறந்துவிட்டு அடிக்கும் கலையை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளலாமா?

சிலைக்கு மாலை, குடிசைக்கு இடி

அண்ணாபாவ் சாட்டே எழுதிய 'ஃபகிரா' நாவல் 1959இல் வந்தது. பஞ்சத்தில் சாகும் தன் சனத்துக்காக வெள்ளையனின் சட்டத்தை எதிர்த்து நின்ற ஒரு மாங்கு வீரனின் கதை. அதை அம்பேத்கரின் எழுதுகோலுக்குக் காணிக்கையாக்கினார். 1961இல் மாநில அரசின் பரிசு கிடைத்தது. அதே ஆண்டு ரஷ்யாவுக்குப் போய் வந்து ஒரு பயண நூல் எழுதினார். அவர் கதைகள் திரைப்படங்களாயின. 1958இல் பம்பாயில் நடந்த தலித் இலக்கிய மாநாட்டைத் தொடங்கி வைத்துப் பேசும்போது, பூமியை ஆதிசேஷன் தாங்கவில்லை, தலித்துகளும் தொழிலாளிகளுமே உள்ளங்கையில் தாங்குகிறார்கள் என்ற கருத்தைச் சொன்னார்.

இத்தனை செய்தவர் வாழ்ந்தது எங்கே? காட்கோபர் சிராக் நகரில் ஒரு குடிசையில். 1969 ஜூலை 18இல் வறுமையிலேயே இறந்தார். நாற்பத்தொன்பது வயது முடிய இரண்டு வாரம் இருந்தது. அடுத்த மாதமே அமர் ஷேக்கும் போய்விட்டார்.

இறந்த பிறகு எல்லாம் வந்தது. அவர் பேரில் அரசு வளர்ச்சிக் கழகம் வந்தது. 2002இல் தபால்தலை வந்தது. 2022இல் மாஸ்கோவில் சிலையும் திறந்தார்கள். இன்று எல்லாக் கட்சிக்காரர்களும் ஆகஸ்டு முதல் தேதி மாலையோடு வருகிறார்கள். யாரை எதிர்த்துப் பாடினாரோ அவர்களின் வாரிசுகளும் வருகிறார்கள். அவர் சாதியாருக்கு அவர் ஒரு சாதித் தலைவர். மற்றவர்களுக்கு ஒரு விடுமுறையில்லாத விழா. பாட்டு எங்கே போயிற்று? கொசுவைப் பாடியவரின் படத்துக்குக் கீழே இன்றும் சாக்கடை தேங்கி நிற்கிறதே!

அவர் கேட்ட 'பம்பாய் யாருக்கு?' என்ற கேள்வி தீர்ந்துவிட்டதா? தாராவியை இடித்துக் கட்டும் திட்டத்தில் யாருக்கு வீடு, யாருக்கு இல்லை என்பதே இன்று நம் வீடுகளில் பேச்சு. 2000 ஜனவரி 1க்கு முன்பே தரைத்தளத்தில் குடியிருந்ததற்குக் காகிதம் காட்டுபவருக்குத்தான் தாராவிக்குள் இலவச வீடு என்கிறார்கள். மாடியில் வாடகைக்கு இருப்பவன், பின்னால் வந்தவன், காகிதத்தைத் தொலைத்தவன் கதி? அந்தக் கணக்கெடுப்பு, நீ தமிழனா மராட்டியனா, மாங்கா ஆதிதிராவிடனா, இந்துவா முஸ்லிமா என்று கேட்பதில்லை. தரையா மாடியா, காகிதம் உண்டா இல்லையா என்றுதான் கேட்கிறது. அரசாங்கம் நம் எல்லோரையும் ஒரே வரிசையில் நிறுத்திவிட்டது. நாம்தான் இன்னும் தனித்தனிச் சங்கமாக நிற்கிறோம்.

நாம் செய்ய வேண்டியது

பெரிய திட்டம் எதுவும் வேண்டாம். நம்மால் முடிந்ததைச் சொல்கிறோம்.

நம் பிள்ளைகள் பள்ளியில் மராட்டி படிக்கிறார்கள். தேர்வுக்கு மட்டும் படிக்கிறார்கள். அண்ணாபாவின் கதை ஒன்றை அவர்கள் கையில் கொடுப்போம். படித்து, வீட்டில் அம்மாவுக்கும் பாட்டிக்கும் தமிழில் சொல்லட்டும். மொழி கற்பதற்கு இதைவிட நல்ல பாடப்புத்தகம் கிடையாது.

நம் பொங்கல் விழா மேடையில் சினிமாப் பாட்டுக் குழுவுக்குப் பணம் கொடுத்து அழைக்கிறோம். அதில் ஒரு மணி நேரத்தை லேபர் கேம்பின் ஷாஹிர்களுக்குக் கொடுப்போம். அவர்கள் தப்பும் நம் பறையும் ஒரே மேடையில் ஒலிக்கட்டும். நம் தெருக்காரன் அவர்கள் பாட்டையும், அவர்கள் தெருக்காரன் நம் பாட்டையும் ஒருமுறை கேட்டுவிட்டால், நாளை எவனாவது வந்து "அவன் வேறு ஆள்" என்று சொல்லும்போது ஒரு நிமிடமாவது தயங்குவான். அந்த ஒரு நிமிடம் போதும், ஒரு கடை எரியாமல் தப்பிக்க.

மூன்றாவதாக, அடுத்த ஆகஸ்டு முதல் தேதி அந்த மேஜை முன்னால் நிற்போம். பூவோடு போவோம். "நாங்க மெட்ராஸி ஆளுங்க, இவரைப் பற்றிச் சொல்லுங்க" என்று கேட்போம். சொல்லமாட்டார்களா? வியப்போடு சொல்வார்கள். டீயும் வாங்கித் தருவார்கள். அங்கிருந்தே வீட்டுக் காகிதத்தைப் பற்றியும், இடிப்பைப் பற்றியும், ஒன்றாக மனுக் கொடுப்பது பற்றியும் பேச்சைத் தொடங்கலாம்.

பிள்ளை மறுபடியும் கேட்கும், "இவர் யாரப்பா?" என்று. அப்போது ரயிலை ஒரு வண்டி தவறவிட்டாலும் பரவாயில்லை. நின்று சொல்லுங்கள்: "பசிக்காக ஊரை விட்டு நடந்தே வந்தவர். நம் பக்கத்து லேபர் கேம்பில் இருந்தவர். நம்மைப் போன்றவர்களுக்காகப் பாடியவர்."